கடைசியாகக் கை வைத்தவர்

டொமினிக் அண்ணன் யாரையும் நம்ப மாட்டார். பெங்களூர் ஆடுகோடியில் உள்ள அவருடைய ஷெட்டுக்கு வருபவை பெரும்பாலும் காட்டிலும் மலையிலும் சேற்றிலும் ஏறி இறங்குகிற ஜீப்புகள். அடியில் டொக் டொக் என்று சத்தம் வருகிறது, மீட்டரில் மஞ்சள் விளக்கு எரிகிறது என்று சொல்லிக்கொண்டு வருவார்கள். வண்டியைத் தொடுவதற்கு முன் அவர் கேட்பது ஒன்றுதான்.

"கடைசியா யாரு கை வெச்சது?"

"யாரும் தொடல" என்பார்கள். அவர் தலையை மட்டும் ஆட்டிவிட்டு, அந்தப் பதிலை நம்பாமலேயே வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வார்.

அதே ஷெட்டின் மூலையில் நான் சீட் கவர் தைக்கிறேன். ஒன்பதாவதோடு படிப்பு நின்றுவிட்டது. வாடிக்கையாளர்களிடம் எனக்குப் பேச வராது, பார்த்துக்கொண்டிருப்பேன். என்மேலும் அவருக்குச் சந்தேகம் உண்டு. என் கத்தரிக்கோல் அவருடைய மேசையில் இருந்தால், "இது எப்ப இங்க வந்துச்சு?" என்பார். வீட்டிலிருந்து வரும் சோற்றைக்கூட முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் வாயில் வைப்பார்.

முன்பு அவர் வேறொருவரோடு கூட்டாகக் கடை வைத்திருந்தாராம். அந்தக் கூட்டாளி வண்டிகளிலிருந்து நல்ல பாகங்களைக் கழற்றி விற்றுவிட்டுப் பழையதை மாட்டியிருக்கிறான். பழி இவர்மேல் விழுந்தது. அதிலிருந்து, தான் முறுக்கும் ஒவ்வொரு நட்டின்மேலும் சிவப்புப் பெயிண்டில் ஒரு கோடு இழுக்கிறார். கோட்டில் பாதி நட்டில் இருக்கும், பாதி இரும்பில் இருக்கும். யாராவது நட்டைத் திருப்பினால் கோடு இரண்டாகப் பிரிந்துவிடும்.

போன மாதம் ஸ்ரீகண்டன் சார் மறுபடியும் வந்தார். மூன்று தலைமுறையாக பெங்களூரில் இருக்கும் குடும்பம், வீட்டில் பாதி தமிழ், பாதி கன்னடம். அவருடைய ஜீப்பின் முன்சக்கரத்துக்கு டொமினிக் அண்ணன்தான் குலுக்கலைத் தாங்கும் புது ரப்பர் புஷ் போட்டுக் கொடுத்திருந்தார். சீட் கவர் நான் தைத்தது.

"ஏன்ரீ டொமினிக், புது புஷ் போட்டேன்னு சொன்னீங்க. ரோட்ல ஹம்ப் ஏறினா டொக்குங்குது. ஸ்டியரிங்க முழுசா ஒடிச்சா மீட்டர்ல பிரேக்கோட ஏபிஎஸ் லைட் எரியுது, வண்டிய ஆஃப் பண்ணிப் போட்டா போயிடுது. என்ன மாய மந்திரம் இது?"

"கடைசியா யாரு கை வெச்சது சார்?"

"நீங்கதான். வேற யாரு?"

அவர் சும்மா வரவில்லை. ஜீப் வைத்திருக்கிறவர்களின் வாட்ஸப் குரூப்பில், டொமினிக் பழைய புஷ்ஷையே விட்டுவிட்டு ஏமாற்றியிருப்பார் போலிருக்கிறது என்று எழுதிவிட்டுத்தான் வந்திருந்தார். ஷெட் ஓடுவதே அந்தக் குரூப்பின் வண்டிகளால்தான். மலைக்குப் போவதற்கு முன் வண்டியைக் காட்டுவதாகச் சொல்லியிருந்த நரேஷ், வர முடியாது என்று அன்று காலையே போன் செய்துவிட்டார். இன்னொருவர் போனையே எடுக்கவில்லை.

டொமினிக் அண்ணன் என் பக்கம் திரும்பினார். "ஏம்மா, சீட்டக் கழட்டும்போது கீழ வயர் கியர் ஏதாவது இழுத்தியா?"

"இல்லண்ணா."

"எல்லாரும் இல்லன்னுதான் சொல்வீங்க."

சொல்லலாமா வேண்டாமா என்று காலையிலிருந்தே நெஞ்சுக்குள் புரட்டிக்கொண்டிருந்த ஒன்றை, அவர் பக்கத்தில் போய் மெதுவாகச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை பொம்மனஹள்ளியில், எங்கள் தெருமுனையில் இருக்கும் ஒர்க்ஷாப்பில் இந்த ஜீப் நின்றுகொண்டிருந்தது. முன்சக்கரம் இரண்டையும் கழற்றிப் போட்டிருந்தார்கள்.

"இதேதான்னு உனக்கு எப்படித் தெரியும்? ஊர்ல ஒரே ஒரு ஜீப்தான் இருக்கா?"

"சீட்டுல பச்ச நூல் அண்ணா. கறுப்பு தீந்து போய் நாந்தான் போட்டேன்."

அவர் அதையும் நம்பவில்லை. டார்ச்சை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் போனார். பிறகு, "சார், இங்க குனிஞ்சு பாருங்க" என்று குரல் மட்டும் வந்தது.

சிவப்புக் கோடு பிரிந்திருந்தது. நட்டில் இருந்த பாதி ஒரு பக்கமும் இரும்பில் இருந்த பாதி வேறு பக்கமுமாக நின்றன. பக்கத்தில் ஏபிஎஸ் வயர் கிளிப்பில் மாட்டாமல் தொங்கியது. சக்கரம் திரும்பும்போதெல்லாம் அது இழுபட்டிருக்கிறது.

"பெயிண்டுதானே? நீங்களே ரெண்டா போட்டிருப்பீங்க" என்றார் ஸ்ரீகண்டன் சார்.

"பொம்மனஹள்ளிக்கு எதுக்கு சார் போனீங்க?"

"யார் சொன்னது? பொய்!"

டொமினிக் அண்ணன் வெளியே வந்து என்னைப் பார்த்தார், சாரும் கூடவே திரும்பிப் பார்த்தார். கையிலிருந்த துணியை நான் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"நான் பாத்தேன் சார். ஞாயித்துக்கிழம. நீங்க வெளிய ஸ்டூல் போட்டு உக்காந்து இளநி குடிச்சிட்டு இருந்தீங்க."

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"சும்னே ஒரு செக் பண்ணலாம்னு போனேன்ப்பா. நிஜமாவே புதுசுதான் போட்டீங்களான்னு கழட்டிப் பாக்கச் சொன்னேன்."

"புதுசா இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"அப்ப குரூப்ல ஏன் சார் அப்படிப் போட்டீங்க?"

"அதுக்கப்புறம்தானே சத்தம் வந்துச்சு! அவன் புதுசு மாதிரி ஏதோ காட்டி, நீங்க ரெண்டு பேரும் கூட்டோன்னு நெனச்சேன்."

டொமினிக் அண்ணனுக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். ஆனால் அவர் அந்த நினைப்பில் நியாயம் இருப்பதுபோலத் தாடையைச் சொறிந்துகொண்டார்.

பிறகு ஜீப்பைத் தரையில் நிற்க வைத்தே நட்டுகளை முறுக்கினார். வண்டி ஜாக்கியில் தொங்கும்போது மேலோட்டமாகத்தான் முறுக்க வேண்டும், சக்கரம் தரையில் ஊன்றிய பிறகுதான் கடைசி முறுக்கு. ஞாயிற்றுக்கிழமை அந்தக் கடைசி முறுக்கை விட்டுவிட்டார்கள். வயரைக் கிளிப்பில் மாட்டினார். தெருமுனையில் இருக்கும் ஹம்ப்பில் நான்கைந்து முறை ஏறி இறங்கியும், ஸ்டியரிங்கை ஒடித்துத் திருப்பியும் பார்த்தார்கள். சத்தமும் இல்லை, விளக்கும் எரியவில்லை.

ஸ்ரீகண்டன் சார் போனை எடுத்துத் தட்டினார். "போட்டுட்டேன்."

"என்னன்னு போட்டீங்க? படிங்க."

"சத்தம் சரியாயிடுச்சுன்னு."

"எதனால வந்துச்சுன்னு?"

"அது எதுக்குப்பா இப்ப?"

டொமினிக் அண்ணன் சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். "வாயாலயே சொல்லி அனுப்புங்க சார். நான் பக்கத்துல நிக்கறேன்."

சார் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, போனை வாயருகே கொண்டுபோனார். டொமினிக் புது புஷ்தான் போட்டிருந்தார், நான்தான் வேறு இடத்தில் கழற்றிப் பார்த்தேன், அவர்கள் சரியாக முறுக்கவில்லை என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். அனுப்பியதைத் திரும்பப் போட்டுக் காட்டச் சொல்லிக் கேட்ட பிறகே சாவி கைமாறியது.

அரைமணி நேரத்தில் நரேஷ் போன் செய்தார். சனிக்கிழமை வண்டியைக் கொண்டு வரலாமா என்று கேட்டார். டொமினிக் அண்ணன் வரச் சொல்லிவிட்டு, போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"காலைல வரலன்னான், இப்ப வரேங்கறான்" என்றார் என்னிடம். "நடுவுல இவன் எங்க குடுத்து எதக் கழட்டினான்னு தெரியலயே."