வாசித்துக் காட்டாத நாவல்

அறிவியல் புனைவும் மாயாஜாலக் கதையும் எழுதுகிறவள் நான். ஆறு நாவல்கள் வந்திருந்தன. ஆறும் நல்ல நாவல்கள். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. புனேயின் ஹடப்சரில் உட்கார்ந்துகொண்டு தமிழில் வேற்றுக்கிரகம் எழுதுகிறவள் தன் கதையைத் தானே மெச்சிக்கொள்ளாவிட்டால் காலம் தள்ள முடியாது.

அந்த ஆறையும் அச்சுக்குப் போகுமுன் என் கணவருக்கு வாசித்துக் காட்டினேன். அவர் தளவாடத் தொழிற்சாலையில் ஃபிட்டர். பிறந்து வளர்ந்தது புனே, படித்தது மராத்திப் பள்ளி. தமிழ் நன்றாகப் பேசுவார். எழுத்துக் கூட்டத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் மேத்தி, அதாவது வெந்தயக்கீரை, ஆய்வார், நான் வாசிப்பேன். ஒரு கட்டுக்கு ஒரு அத்தியாயம். ஒரு நாவலில் கடக்வாஸ்லா அணைக்குள் மாயநாகம் ஒன்றைக் குடிவைத்திருந்தேன். "மழைக்காலத்துல ஷட்டரத் தொறந்தா அது எங்க போவும்?" என்று கேட்டார். எரிச்சலாக வந்தது. ஆனால் அந்த நாவலின் பாதி அந்தக் கேள்வியிலிருந்துதான் பிறந்தது.

ஏழாவதை மட்டும் வாசித்துக் காட்டவில்லை. பதிப்பாளர் அவசரப்படுத்தினார் என்பது வெளியே சொல்லிக்கொண்ட காரணம். ஆறு எழுதியவளுக்கு இன்னும் ஒரு ஃபிட்டர் வந்து திருகாணி முடுக்க வேண்டுமா என்ற திமிர்தான் உண்மை. புத்தகப் பார்சலைப் பிரித்தபோது அவர் அட்டையைத் தடவிப் பார்த்தார். "இது எப்போ எழுதுன?" என்றார். 

அடுத்த ஞாயிறு வீட்டுக்கு மேத்தி வரவில்லை. அவர் காலையிலேயே வண்டியை எடுத்துக்கொண்டு நண்பர் வீட்டுக்குப் போய்விட்டார். அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே. மூன்றாவது ஞாயிறு அவர் கிளம்புமுன் எட்டாவது கதையின் முதல் பக்கத்தை எடுத்துக்கொண்டு, "கேக்குறீங்களா?" என்றேன்.

"அரே, நான் எதுக்கு? அச்சடிச்சப்புறம் சொல்லு, போதும்."

சுருக்கென்றது. எந்த விமர்சகர் கிழித்தாலும் மறுநாளே எழுத உட்கார்ந்துவிடுகிறவள், மூன்று வாரம் ஒரு வரி எழுதவில்லை. இவர் இனி கேட்கவே மாட்டாரோ என்று பயந்தேன். நான் பயப்படுகிற ஆளே இல்லை.

ஆறாவது ஞாயிறு அவர் வண்டிச் சாவியை எடுக்குமுன் நானே போய் நான்கு கட்டு மேத்தி வாங்கிவந்து எதிரில் வைத்தேன். அச்சான ஏழாவது நாவலைப் பிரித்து முதல் வரியிலிருந்து வாசிக்க ஆரம்பித்தேன். அவர் எழுந்து போகவில்லை. மூன்றாம் அத்தியாயத்தில், "நிறுத்து" என்றார்.

விண்கலத்திலிருந்து வெளியே போக இரண்டு கதவுகள். உள்கதவு மூடிய பிறகே வெளிக்கதவு திறக்க வேண்டும். நாயகி ஓடிவரும் வேகத்தில் நான் இரண்டையும் சேர்த்துத் திறந்துவிட்டிருந்தேன்.

"ரெண்டும் ஒண்ணா தொறந்தா காத்து மொத்தமும் வெளிய போயிடுமே. உள்ள எத்தினி பேரு?"

"நாப்பது."

"நாப்பதும் காலி."

ஐயோ! புத்தகம் கடைகளுக்கே போய்விட்டது. அந்த நாற்பது பேரும் இன்னும் இருநூறு பக்கத்துக்குக் காதலித்து, சண்டைபோட்டு, புதுக் கிரகத்தில் இறங்கி வீடு வேறு கட்டுகிறார்கள். என் முகமெல்லாம் சூடாகிவிட்டது.

"தப்பு என்னுதுதாங்க. உங்களுக்குப் படிச்சிக் காட்டியிருக்கணும்," என்றேன். இப்படி ஒரு வாக்கியத்தை என் வாயிலிருந்து அவர் கேட்டதே கிடையாது. கீரையை எடுத்து மறுபடி ஆய ஆரம்பித்தார்.

"சரி, மேல படி. செத்தவங்க என்ன பண்றாங்கன்னு கேப்போம்."