ஆளில்லாமல் அளந்த கார்

சென்ற கோடையில் ஒரு காலை, மெல்பேர்ன் கிளென் வேவர்லி ரயில் நிலையத்தின் கார் நிறுத்தத்தில் ஒரு வெள்ளைக் காரைப் பார்த்து நின்றுவிட்டேன். டயரின் விளிம்பும் அதற்கு மேலே வளையும் தகடான ஃபெண்டரின் விளிம்பும் ஒரே கோட்டில் இருந்தன. என் காரும் அதே மாடல்தான். ஆனால் அதன் சக்கரங்கள் உள்ளே பதுங்கி, அண்ணன் சட்டையைப் போட்டுக்கொண்ட தம்பி மாதிரி இருக்கும். நாமும் இப்படிச் செய்தால் என்ன? யோசித்து முடிப்பதற்குள் ரயில் போய்விட்டது.

நான் மெக்கானிக்கல் இன்ஜினீயரிங் படித்தவன். கணக்கு நமக்குத் தெரியாததா என்ற திமிர் கொஞ்சம் உண்டு. சக்கரத்தின் நடுக்கோட்டிலிருந்து அது காரோடு சேரும் முகம் எத்தனை மில்லிமீட்டர் தள்ளியிருக்கிறது என்பதுதான் ஆஃப்செட். அந்த எண் குறைந்தால் சக்கரம் வெளியே வரும். நாற்பத்தைந்திலிருந்து முப்பத்தைந்துக்கு இறங்கினேன். அகலத்தையும் ஓர் அங்குலம் கூட்டினேன். மேலே இடிக்காமலிருக்க, பின் சக்கரங்களின் தலையை இரண்டு டிகிரி உள்பக்கம் சாய்த்தேன். அந்தச் சாய்வுக்குப் பெயர் கேம்பர். ஸ்பிரிங் மாற்றிக் காரையும் தாழ்த்தினேன். வாசலில் நிறுத்தி அளந்தால் அப்படி ஒரு கச்சிதம். மூன்று வாரம் தனியாக ஓட்டியும் சின்னச் சத்தம்கூட வரவில்லை.

பக்கத்து யூனிட்டில் ஒரு யாழ்ப்பாணக் குடும்பம். அந்த வீட்டு ஆன்ட்டியின், அவர்கள் வழக்கில் அன்ரியின், தம்பிக்கு ஊரில் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் கொண்டுபோக வேண்டிய கூறைச்சேலையும் தாலிக்கொடியும் இவரிடம்தான் இருந்தன. அன்ரி, அங்கிள், மகள் மூவரும் கிளம்பினார்கள். "ஏர்போர்ட்டுக்கு டாக்சி எதுக்கு அன்ரி? நான் கொண்டுபோய் விடுறேன்" என்று நானே வலியப் போனேன். புதுச் சக்கரத்தைக் காட்டும் ஆசைதான்.

மூன்று பேர், மூன்று சூட்கேஸ், பால்மாவும் சாக்லேட்டும் திணித்த ஒரு பெட்டி. ஊருக்குப் போகும் நம் ஆட்கள் விமானத்துக்காகத்தான் எடை பார்ப்பார்கள். காருக்காக யாரும் பார்ப்பதில்லை. நானும் பார்க்கவில்லை.

ஃப்ரீவேயில் முதல் மேடு ஏறி இறங்கியதும் பின்னால் 'கர்ர்' என்றது.

"என்ன தம்பி சத்தம்?" என்றார் அங்கிள்.

"ரோடு சரியில்ல அங்கிள்."

ரோடு நன்றாகத்தான் இருந்தது. அடுத்த பாலத்தின் இணைப்பில் மறுபடியும் சத்தம், இன்னும் நீளமாக. வேகத்தைக் குறைத்து இடது ஓரத்துக்கு வந்தேன். ஃபெண்டரின் உள்மடிப்பு டயரைச் சீவுகிறது என்று எனக்குத் தெரியும். நிறுத்தினால் விமானம் போய்விடலாம், கல்யாணம் நாளை மறுநாள். நிறுத்தாவிட்டால் டயர் வெடிக்கலாம். கண்ணாடியில் பார்த்தேன். அன்ரி தாலிக்கொடி இருந்த கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தார். நிறுத்தாமல் இன்னும் பத்து நிமிடம் ஓட்டினேன்.

"அம்மா, ரப்பர் எரியிற மாதிரி மணக்குது" என்றாள் மகள்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. ஃப்ரீவேயை விட்டு அடுத்த வழியில் இறங்கி ஒரு பெட்ரோல் பங்கில் நிறுத்தினேன். டயரின் வெளியோரம் சுற்றிலும் சீவப்பட்டு, உள்ளிருந்து நூல் எட்டிப் பார்த்தது. இன்னும் சில கிலோமீட்டர் போயிருந்தால் வெடித்திருக்கும்.

"ரோடு இல்ல அங்கிள், தப்பு என்னோடது. காலிக் காரை வச்சு அளந்துட்டேன், பாரத்துல இறங்கும்னு யோசிக்கல. இனிமே இதுல யாரும் போகக் கூடாது."

அங்கிள் குனிந்து பார்த்தார். "காருக்கு வடிவு பாத்தனீர், சரி. ஏறுற ஆக்களைக் கணக்கில சேர்க்கேல்லையோ?"

மகள் சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"இப்ப அந்தப் பிள்ளையைப் பேசி என்ன? டாக்சியைக் கூப்பிடுங்கோ முதல்" என்றார் அன்ரி.

டாக்சி வர பதினான்கு நிமிடம். அத்தனை நிமிடமும் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பெட்டிகளை ஏற்றிக் கதவைச் சாத்தும்போது அன்ரி தலையை வெளியே நீட்டினார்: "தம்பி, எங்களுக்குப் பின்னால இதை ஓட்டிக்கொண்டு வந்திடாதையும், என்ன?"

இழுவை வண்டிக்குச் சொல்லிவிட்டு நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். ஒன்றே முக்கால் மணி நேரம் கழித்து மகளின் செய்தி வந்தது: 'பிளேன்ல ஏறிட்டம்.' அதன் பிறகுதான் எழுந்தேன்.

கணக்குத் தவறினால் திருத்திக்கொள்ளலாம். 'ரோடு சரியில்ல' என்று சொன்னதுதான் இன்னும் உறுத்துகிறது. வரும் சனிக்கிழமை நாற்பத்திரண்டு ஆஃப்செட்டில், குறுகலான சக்கரங்களை மாட்டிப் பார்க்கப் போகிறேன். டிக்கியில் நான்கு அரிசி மூட்டை. பின் சீட்டில் உட்கார, ஊரிலிருந்து திரும்பிவிட்ட அன்ரியும் அங்கிளும் வருகிறார்கள். இடித்தால், இடிக்கிறது என்று அவர்கள் முகத்தைப் பார்த்து அந்த நிமிடமே சொல்லிவிட வேண்டும். மில்லிமீட்டரை விட எனக்கு அதுதான் கஷ்டமான பயிற்சி.