விளிம்பு தெரியாத மட்டி

கடலில் ஒருமுறைகூட இறங்காத ஒருத்தி, தன் அறையில் உட்கார்ந்தபடி ஒரு மட்டியின் இனத்தைச் சொல்லி, பார்த்தேயிராத பெண்களின் பிழைப்பை நிறுத்திவிடலாமா?

விலங்கியல் படித்தவள் நான். விருத்தாசலத்தில் ஒரு மாடியறையில் தனியாக இருக்கிறேன். தொலைதூரத் தீவொன்றின் பவளத்திட்டுகளில் முக்குளிப்பவர்கள் ராட்சத மட்டிகளை எடுக்கும் படங்கள் என் கணினிக்கு வரும். ஒவ்வொன்றும் எந்த இனம் என்று குறித்து அனுப்புவது என் வேலை. அங்கே பெரும்பாலும் இரண்டே இனங்கள். மேக்ஸிமா, பவளத்தில் பாதி புதைந்து கிடக்கும். அதன் ஓட்டிலுள்ள செதில்கள் சிறியவை, நெருக்கமானவை. ஸ்குவாமோசா அரியது, அதன் செதில்கள் அகன்று, இடைவெளி விட்டு நிற்கும். திறந்த ஓட்டுக்குள் விரியும் சதையின் நீலமும் பழுப்பும் கண்ணைப் பறிக்கும். ஆனால் நிறத்தை நம்பிப் பெயரிடக் கூடாது.

கல்லூரி முடித்தவுடன் இங்குள்ள பீங்கான் ஆலை ஒன்றில் சில மாதங்கள் தரம் பிரித்தேன். சூளையிலிருந்து வரும் குவளையை விரலால் தட்டி, ஒலி கேட்ட கணத்தில் நல்லதை ஒரு தட்டிலும் கழிவை இன்னொன்றிலும் வைக்க வேண்டும். மேசையில் எதுவும் மீந்திருக்கக் கூடாது. அந்தப் பழக்கம் மட்டிகளிடமும் தொடர்ந்தது. எதையும் பெயரிடாமல் விட்டதில்லை.

போன மழைக்காலத்தில் வந்த ஒரு படத்தில் ஓட்டின் விளிம்பைச் செதில்களோடு பாசி மூடியிருந்தது. ஸ்குவாமோசா போலத்தான் தோன்றியது. அனுப்புவதற்குள், எனக்குப் படங்களை அனுப்பும் கணக்கெடுப்பின் ஒருங்கிணைப்பாளர் தொலைபேசியில் அழைத்தார்.

“அது ஸ்குவாமோசான்னா, அந்தத் திட்டுல யாரும் கால் வெக்கக் கூடாதுன்னு அறிக்கைல எழுதிடலாம் மேடம்.”

“இப்ப அங்க யாரு சார் நடக்குறாங்க?”

“பொம்பளைங்கதான். தண்ணி வத்துனா கம்பிய எடுத்துக்கிட்டு ஆக்டோபஸ் புடிக்க வருவாங்க. சாயங்காலம் கூப்புடுறேன், சொல்லுங்க.”

மொட்டை மாடியில் துணி எடுக்க வந்த வீட்டுக்கார அக்கா எட்டிப் பார்த்தாள்.

“இன்னாம்மா, ஒரே படத்தயே பாத்துக்கினு இருக்க? மாப்ள போட்டோவா?”

“மட்டிக்கா. இது எந்த ஜாதின்னு பேரு எழுதணும்.”

“அடிப்பாவி, மட்டிக்குமா ஜாதி கேக்குறாங்க!”

சிரித்தபடியே இறங்கிப் போனாள். அவள் போனபின் அறை முன்னிலும் வெறுமையாயிற்று. அது அரிய இனமாக இருந்து நான் சொல்லாவிட்டால், நடப்பவர்களின் கால்களிலும் கம்பிகளிலும் அடிபட்டு அது சாகலாம். இல்லாததைச் சொல்லிவிட்டால் சில வீடுகளில் அடுப்பெரியாது. இரண்டில் எதையும் நான் நேரில் காணப்போவதில்லை. கலந்து பேசவும் எனக்கு ஒருவருமில்லை.

சாயங்காலம் அவர் கேட்டார்: “ரெண்டுல எது மேடம்?”

“தெரியலைங்க சார். பாசிய ஒதுக்கிட்டுப் பக்கவாட்டுல இன்னொரு படம் எடுக்கச் சொல்லுங்க.”

“தெரியலன்னு சொல்றதுக்கு உங்ககிட்ட எதுக்கு அனுப்பணும்?” அழைப்பைத் துண்டித்துவிட்டார்.

திட்டைப் பற்றிய முடிவு இன்னொரு படம் வரும்வரை ஒத்திவைக்கப்பட்டது. அந்தப் பெண்கள் இன்னும் அங்கே நடக்கிறார்கள். எனக்கு வரும் படங்கள் பாதியாகக் குறைந்துவிட்டன. செதில்கள் தெரியாதவற்றுக்கு, இனம் தெரியவில்லை என்றே இப்போது எழுதுகிறேன்.