மடக்காமல் விட்ட கணவாய்

1986ஆம் ஆண்டு ஜூன் 8, ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் மூன்று மணிக்கு என் மாமா எங்கள் கூடத்தின் சிவப்புத் தரையில் சாக்குக்கட்டியால் ஒரு நாட்டை வரைந்து முடித்தார். நாளும் நேரமும் மறக்காமலிருப்பதற்குக் காரணம் உண்டு. மறுநாள் என் அக்காவைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. அதே நாள் காலையில் சேலத்தில் அவளுக்குக் கல்லூரிச் சேர்க்கைக்கான நேர்காணலும் இருந்தது.

பெரியப்பா, தக்காளி மண்டியில் நெடுநாள் பழகிய ஒருவருக்கு, அவர் மகனுக்கு அக்காவைத் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தார். கொடுத்த வாக்கை அவர் மாற்றிக்கொள்வதில்லை. அவர் எதிரில் அப்பா மறுத்துப் பேசுவதில்லை. இந்த இரண்டு வழக்கங்களுக்கும் நடுவில் அகப்பட்டுக்கொண்ட அக்கா சரியாகச் சாப்பிடுவதை விட்டிருந்தாள். எனக்கு ஒன்பது வயது. இந்த மனநிலையில் அவள் விளையாட வராமல் போய்விடுவாளோ என்பதே என் கவலை.

மாமா, அம்மாவின் தம்பி. பெங்களூரில் பொறியியல் படித்துக்கொண்டிருந்தார். விடுதியில் யாரோ வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த பலகை விளையாட்டை மனத்தில் பதித்துவந்து, அதிலிருந்த நெருப்புக் கக்கும் பாம்புகளை நீக்கிவிட்டு யாளிகளைச் சேர்த்திருந்தார். தன் முறை வரும்போது மட்டுமே ஒருவர் படையை நகர்த்தலாம். காலாட்கள் இரண்டு கட்டம் நடக்கும், குதிரைகள் நான்கு. யாளிக்கு மலையும் சமவெளியும் ஒன்று. புளியங்கொட்டைகள் காலாட்களாயின, சட்டைப் பொத்தான்கள் குதிரைகளாயின. யாளியின் கம்பீரத்துக்குப் பொருத்தமாக எதுவும் கிடைக்காததால் அம்மாவின் தையல் பெட்டியிலிருந்து நூல் தீர்ந்த கட்டைகளை எடுத்துக்கொண்டோம்.

விளையாட்டின் உயிர் ஒரே விதியில் இருந்தது. அசையாமல் காவல் நிற்கும் படைக்கு அடுத்த கட்டத்தில் எதிரி கால் வைத்தால், காவல் நிற்பவர் அவனை அங்கேயே நிறுத்திச் சண்டைக்கு இழுக்கலாம். மாமா அதற்கு ‘இடைமறிப்பு’ என்று பெயர் சூட்டியிருந்தார். அதைக் கேட்டு அக்கா, பல நாட்களுக்குப் பிறகு, வாய்விட்டுச் சிரித்தாள். மாடு பக்கத்துக் காட்டுக்குள் நுழையப் பார்த்தால் எங்கள் ஊரில் ‘மடக்கு’ என்போம். ஆகவே விதிக்கும் அதுவே பெயராயிற்று. ஆனால் எதிரி அடுத்த கட்டத்துக்கு நகர்வதற்குள் ‘மடக்கு’ என்று சொல்லியாக வேண்டும். சொல்லத் தவறினால் அவன் மிச்ச வழியையும் நடந்து போய்விடுவான். பின்னாலிருந்து கூப்பிட யாருக்கும் உரிமையில்லை.

கிரீடத்தைத் தெற்கு நகரத்துக்குக் கொண்டு சேர்ப்பவர் வென்றவர். நான் தோற்றுக்கொண்டிருந்ததால், தண்ணீர் குடிக்க வந்த அப்பாவை என் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்து, எங்கள் படைக்குத் தலைவராக்கினேன். கடைசிக் கணவாயில் எங்கள் யாளி காவல் நின்றது. அக்காவிடம் எஞ்சியிருந்தது கிரீடத்தைச் சுமந்த ஒற்றைக் குதிரை. அவள் அதை யாளிக்கு அடுத்த கட்டத்தில் வைத்தாள். பொத்தானிலிருந்து விரலை எடுக்காமல் அப்பாவைப் பார்த்தாள். மடக்கச் சொல்லி நான் அவர் தொடையைக் கிள்ளினேன்.

“மடக்காம வுட்டா என்னாகும்?” என்று அப்பா கேட்டார்.

“போயிடும் மச்சான். அப்புறம் புடிக்க முடியாதுங்க” என்றார் மாமா.

அப்பா அந்தக் கட்டத்தை நெடுநேரம் பார்த்தார். பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். “நான் கவனிக்கல. நீ போ, கண்ணு.”

சாய்வு நாற்காலியில் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்த பெரியப்பா, “கண்ணு முன்னால போறது தெரியலியாடா உனக்கு?” என்றார்.

“வயசாயிடுச்சுங்கண்ணா.”

“உனக்கே வயசாயிடுச்சுன்னா எனக்கு என்ன ஆயிருக்கும்?”

அப்பா பார்த்தார் என்று நான் அழுதேன். காவல் நிற்பவர் பார்த்தாரா இல்லையா என்பதை அவர்தான் சொல்ல வேண்டும், பிறர் சொல்லக் கூடாது என்று மாமா அங்கேயே ஒரு புதிய விதியை இயற்றி வழக்கை முடித்தார். அக்கா வென்றாள். அன்றிரவு இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டாள்.

மறுநாள் விடிந்தபோது அவள் பாய் காலியாக இருந்தது. வாசலுக்கு வந்தேன். தண்ணீர்த் தொட்டியருகே அப்பா முகம் கழுவிக்கொண்டிருந்தார். ஒயர் கூடையுடன் அக்காவும், பின்னால் மாமாவும், அப்பாவுக்குக் கையெட்டும் தூரத்தில் வந்து நின்றார்கள். அப்பா குனிந்தபடியே மேலும் மேலும் தண்ணீரை அள்ளி இறைத்துக்கொண்டிருந்தார். ஒரு முகத்துக்கு அவ்வளவு தண்ணீர் தேவையில்லை. இன்றும் இவர் கோட்டை விடப்போகிறார் என்று எனக்குப் பொறுக்கவில்லை. ஓடிப்போய் வாசல் படலுக்கு முன்னால் இரு கைகளையும் விரித்து நின்று, ‘மடக்கு’ என்றேன்.

அக்காவின் முகம் வெளிறியது. அப்பா கண்ணைத் திறக்கவே இல்லை.

“அது உன் மொறை இல்ல, சாமி. வழி வுடு.”

விதி விதிதான். விலகிக்கொண்டேன். சற்று நேரத்தில் சாலையில் பேருந்தின் ஒலிப்பான் கேட்டது.

அந்தச் சத்தத்தில் எழுந்துவந்த பெரியப்பா வீட்டை ஒருமுறை சுற்றி வந்தார். அவருக்கு அதிகம் கேட்க வேண்டியிருக்கவில்லை.

“நீ வாசல்லதான இருந்த?” என்று அப்பாவைக் கேட்டார்.

அப்பா துண்டால் முகத்தை மூடித் துடைத்துக்கொண்டிருந்ததால் நானே பதில் சொன்னேன். “பாத்தாரா இல்லையான்னு அப்பாதான் சொல்லணுங்க பெரியப்பா. நாம சொல்லக் கூடாது.”

பெரியப்பா என்னைப் பார்த்தார். பிறகு தம்பியைப் பார்த்தார். “செரி. சொல்லு.”

“பாக்கலைங்கண்ணா.”

பெரியப்பாவின் புல்லட் வாசலிலேயே நின்றது. சாவி அவர் கையில் இருந்தது. தக்காளிக் கூடைகளை மேலே ஏற்றிக்கொண்டு பாலக்கோட்டில் பேருந்து வெகுநேரம் நிற்கும் என்பதும், வண்டியை விரட்டினால் எளிதாகப் பிடித்துவிடலாம் என்பதும் எனக்கே தெரிந்திருந்தன. அவர் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நாற்காலியில் அமர்ந்து, காபி வேண்டும் என்றார். அம்மா கொதிக்கக் கொதிக்க என்னிடம் கொடுத்தனுப்பினாள். அவர் கிளம்ப வேண்டியவர் ஆயிற்றே என்று நான் அவசர அவசரமாக ஆற்றினேன். பாதி தரையில் சிந்தியது.

“மெதுவா ஆத்து, கண்ணு. அவசரமில்ல.”

அவர் எதற்காகக் காத்திருக்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. சொன்னபடியே, நுரை முழுவதும் அடங்கும்வரை, டம்ளரிலிருந்து வட்டாவுக்கும் வட்டாவிலிருந்து டம்ளருக்குமாக மெதுவாக ஆற்றிக்கொண்டிருந்தேன்.