இருவர் வாசித்த ஆர்கன்

முதல் பாட்டின் நடுவிலேயே மரியதாஸ் சார் ஆர்கனை நிறுத்திவிட்டார். ஹெட்போனைக் கழற்றினார்.

"போதும் தம்பி. மைக்கெல்லாம் கழட்டிடுங்க. இந்த ஆல்பமே வேணாம்."

தலத்தெருவில் ரெக்கார்டிங் ஸ்டூடியோ வைத்திருப்பவன் நான். பக்திப் பாடல், கல்யாணப் பாட்டு, தேர்தல் பிரசாரம் என்று வருவதையெல்லாம் பதிவு செய்வேன். ஜாஸ் ஆர்கன் ஆல்பம் வேண்டும் என்று வந்த முதல் ஆள் மரியதாஸ் சார்தான். பிரான்சில் வேலை பார்த்துக்கொண்டே கிளப்புகளில் வாசித்தவர்; ஓய்வு பெற்றபின் மனைவி தெரேஸ் அம்மாவுடன் கோவில்பத்தில் குடியேறினார். மெட்டுகள் அவருடையவை. பிரேசில்காரர்களின் பாஸா நோவா சாயலில், அவசரமில்லாமல் அசைந்து போகும். பீரோ கனம் இருக்கும் அந்த ஆர்கனை ஸ்டூடியோவுக்கு எடுத்து வர முடியாததால், அவர் வீட்டு ஹாலிலேயே மைக் வைத்தேன். தாளத்துக்கு ஹமீது பாய். துபாய் ஓட்டல் பேண்டில் காங்கோ டிரம் வாசித்துவிட்டு ஊர் திரும்பியவர்.

ஆர்கன் ஜாஸில் பேஸ், அதாவது பாட்டுக்கு அடியில் ஓடும் கனத்த சுரங்களை, வாசிப்பது இடது கை. சாருக்குப் பக்கவாதம் வந்து குணமான பிறகும் அந்தக் கை மட்டும் சொன்னபடி கேட்கவில்லை. தனியாக வாசிக்கும்போது சமாளித்தது, ரெக்கார்டிங்கில் தெரிந்துவிட்டது.

"பேஸை கம்ப்யூட்டர்ல போட்டுடலாம் சார். யாருக்கும் தெரியாது" என்றேன்.

"எனக்குத் தெரியுமேப்பா."

சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த தெரேஸ் அம்மா உள்ளே வந்தார்.

"ஏங்க, அந்தக் கைக்கு எத்தனை கட்டை?"

"இந்தப் பாட்டுக்கா? ரெண்டுதான். மாத்தி மாத்தி. அப்பறம் இடம் மாறும்."

"அத நான் அழுத்துறேன். எப்ப மாறணும்னு நீங்க தலையாட்டுங்க."

"உனக்கு வாசிக்கவே தெரியாதே தெரேஸ்."

"ஆஸ்பத்திரிலேர்ந்து வந்தப்ப உங்களுக்கு நடக்கக்கூடத்தான் தெரியல. கத்துக்கலியா?"

சார் சிரித்துவிட்டார். நான் மைக்குகளைக் கழற்றிக்கொண்டு கிளம்பினேன்.

சில மாதம் கழித்து, அம்மா பழகிவிட்டார் என்று மறுபடி கூப்பிட்டார்கள். ஒரே பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தார்கள், அம்மா இடப்பக்கம். வழக்கம்போல எல்லோர் ஹெட்போனிலும் கிளிக் கொடுத்தேன். தாளம் பிசகாமல் இருக்கப் போடும் 'டிக் டிக்' சத்தம் அது. அதைத் துரத்திப் பிடிக்கப் போய் அம்மாவின் விரல் தடுமாறியது. திரும்பத் திரும்ப நின்றுபோனது. அம்மாவின் கண் கலங்கிவிட்டது.

ஹமீது பாய்தான் சொன்னார்: "தம்பி, அந்த டிக் டிக்க நிறுத்துங்க. அம்மா கையப் பாத்து நான் வாசிச்சிக்கிறேன்."

கிளிக் இல்லாவிட்டால் பிறகு வெட்டி ஒட்டுவது கஷ்டம். தயக்கத்தோடுதான் நிறுத்தினேன்.

பாட்டு சார் எழுதியதைவிட மெதுவாக நடந்தது. அம்மா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு வாசித்தார். ஓரிடத்தில் சார் தலையாட்டியும் அம்மா கட்டை மாறவில்லை. சார் வலது கையை எடுக்காமல் அதே சுரத்தில் நின்றார். ஹமீது பாயும் டிரம்மை லேசாகத் தடவிக்கொண்டு நின்றார். அம்மா வந்து சேர்ந்ததும் மூவரும் சேர்ந்து மேலே போனார்கள்.

முடிந்ததும் அம்மா என்னிடம், "அந்தத் தப்ப எடுத்துடுங்க தம்பி" என்றார்.

"அதத் தொடாதீங்க" என்றார் சார்.

ஆல்பம் அப்படியேதான் வெளிவந்தது, அட்டையில் ஆர்கன் வாசித்தவர்கள் என்று சார், அம்மா இரண்டு பேர் பெயரோடு. பாரிஸிலிருந்து சாரின் பழைய நண்பர் போன் செய்து, அந்த இடத்தைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டதாகச் சொன்னாராம்.

இப்போதெல்லாம் யார் வந்தாலும், கிளிக் போடுவதற்கு முன் ஒரு தடவை அவர்கள் போக்கில் வாசிக்கச் சொல்லிக் கேட்கிறேன். தாளம் பிசகுவதாக எனக்குத் தோன்றும் இடத்தில், ஒருவர் இன்னொருவருக்காக நின்றுகொண்டிருக்கலாம்.