சர்வாதிகாரியைப் புகழ்ந்த ஆறு பேர்

என் தங்கை ஆரணிக்குத் தலைக்கனம் கொஞ்சம் அதிகம். அண்ணன் நானே சொல்கிறேன், வேறு யார் சொல்வது? ஜெர்மனியில் ஹம் என்ற ஊரில் பிறந்தவள். தினமும் ரயிலேறி முன்ஸ்டர் பல்கலைக்கழகம் போய், இரண்டு உலகப் போர்களுக்கும் இடையில் அமெரிக்கப் பத்திரிகைகள் ‘சர்வாதிகாரி’ என்ற ஒரே ஒரு சொல்லை எப்படி எழுதின என்று நான்கு வருடமாக ஆராய்கிறாள். “உதுக்கு என்ன வேலை பிள்ளை கிடைக்கும்?” என்று கேட்காத சொந்தம் இல்லை.

“தெரியாது மாமா. ஆனா உதைப்பற்றி என்னைவிடக் கூடத் தெரிஞ்ச ஆள் ஜெர்மனியில இல்லை,” என்பாள்.

இன்று அந்தச் சொல் வசை. 1920களில் அப்படியில்லை. குழம்பிக் கிடக்கும் நாட்டை நிமிர்த்த வந்த கெட்டிக்காரன் என்ற தொனியிலும் எழுதியிருக்கிறார்கள். அப்படிப் புகழ்ந்த செய்திகளைப் பழைய பத்திரிகைகளில் கணினியால் தேடி, ஆயிரத்து எண்ணூறு எடுத்துவிட்டாள். “நாடே புகழ்ந்திருக்கு அண்ணா!” என்று குதித்தாள். அடுத்த வியாழக்கிழமை பேராசிரியர்கள் முன்னால் இதைச் சொல்ல வேண்டும். அவர்கள் ஒப்பினால்தான் கடைசி அத்தியாயம் எழுதலாம். ஒப்பாவிட்டால் நான்கு வருடமும் ஆற்றோடு போகும்.

சனிக்கிழமை சமையலறையில் அம்மா புஷ்பராணி உழுந்து அரைப்பதை நிறுத்திவிட்டுக் கைபேசியும் கையுமாக நின்றார். மறுநாள் கோயில் திருவிழா.

“நாளைக்கு ரயில் ஒண்டும் ஓடாதாம். டோர்ட்முண்டில இருக்கிற எங்கட ஆக்களை வரவேண்டாமெண்டு சொல்லிப்போட்டன்.”

“ஆர் சொன்னது?”

“பதினொரு குரூப்பில வந்திருக்கு. பதினொரு பேரும் பொய்யே சொல்லுவினம்?”

ஆரணி கைபேசியை வாங்கிப் பார்த்தாள். பிறகு அம்மாவை ஒரு பிடி பிடித்தாள். “வடிவாப் பாருங்கோ அம்மா. எல்லாத்திலயும் ஒரே வசனம். கடைசியில, முதல் எழுதின தம்பித்துரை அண்ணையின்ர பேர்கூட அப்பிடியே கிடக்கு. ஒராள் எழுதினதைப் பதினொரு பேர் அனுப்பினா, அது பதினொரு சாட்சியே?”

சொன்னவள் அப்படியே நின்றுவிட்டாள். அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

நான்கு நாள் தன் ஆயிரத்து எண்ணூறு செய்திகளையும் வரிக்கு வரி ஒப்பிட்டாள். செய்தி நிறுவனம் அனுப்பிய ஒரே செய்தியை ஊருக்கு ஊர் வேறு வேறு தலைப்புப் போட்டு அச்சடித்திருந்தார்கள். கணினி ஒவ்வொன்றையும் தனித்தனியாக எண்ணியிருந்தது. ஆயிரத்து எண்ணூறும் சுருங்கிச் சுருங்கி ஆறு நிருபர்களில் வந்து நின்றது. அவள் அழுதாள்.

“ஆருக்குத் தெரியப்போகுது? பேசாமல் விடன்,” என்றேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சொன்னேன்.

“எனக்குத் தெரியுமே அண்ணா.”

வியாழக்கிழமை நான் கடைசி வரிசையில் இருந்தேன். போன வாரம் வரை தான் எண்ணியது பிழை என்றுதான் பேச்சையே ஆரம்பித்தாள். ஐந்து பேராசிரியர்களும் நிமிர்ந்து பார்த்தார்கள். நடுவில் இருந்த அம்மையார் கேட்டார்: “அப்படியானால் உங்கள் முடிவு போய்விட்டதே?”

“போய்விட்டது. ஆறு பேர்தான் புகழ்ந்திருக்கிறார்கள். ஆனால் காலையில் பத்திரிகையைப் பிரித்தவருக்கு அது ஆறு பேர் என்று தெரிந்திருக்காது. பக்கத்து ஊர்ப் பத்திரிகையிலும் அதே புகழ்ச்சி இருந்தது. நாடே புகழ்கிறது என்று நம்பியிருப்பார். நாடே புகழ்ந்திருந்தால்கூட நான் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.”

“கடைசி அத்தியாயத்தை இங்கிருந்து எழுதுங்கள்,” என்றார் அம்மையார்.

ஜெர்மன்காரர் வழக்கப்படி எல்லோரும் விரல் முட்டியால் மேசையில் தட்டிப் பாராட்டினார்கள். எனக்கு அது போதவில்லை. எழுந்து நின்று கை தட்டினேன்.