அனந்து உட்கார்ந்திருந்த வீடு

சனிக்கிழமை வட்டத்து நண்பர்களுக்கு,

வரிசை போட்டுக்கொள்ளாமல் எனக்கு எழுத வராது. "இந்தத் தடவையாவது லிஸ்ட் போடாம எழுதுங்கோ" என்று, நம் வட்டத்தின் இதழான மலரைப் பார்த்துக்கொள்ளும் விஸ்வம் கேட்டுக்கொண்டார். இரண்டு நாள் முயன்றேன். முடியவில்லை. ஆகவே, சொல்லப்போவது:

1. அனந்து இறந்த செய்தி வந்த விதம்.
2. ஒடிசாவில் ஒரு சித்திரக்காரர் கிராமத்துக்கு நாங்கள் இருவரும் போனது.
3. அனந்துவின் எழுத்தில் இருந்த மிகை.
4. அவர் எனக்குக் கொடுத்த ஒரு வேலை.
5. அவரிடமிருந்து என்னிடம் இருப்பது.

மாட்டுங்காவில் காப்பிக்கொட்டை அரைக்கக் கொடுத்துவிட்டு நின்றிருந்தேன். விஸ்வம் போனில் கூப்பிட்டார். மெஷின் சத்தத்தில் காது கேட்கவில்லை. மூன்றாவது முறை கத்திச் சொன்னார்: "அனந்து தவறிட்டார். கார்த்தால அஞ்சு மணிக்கு. தூக்கத்துலயே." முதலில் துக்கம் வந்தது என்று எழுதினால் நன்றாக இருக்கும். எனக்கு முதலில் வந்த நினைப்பு, இனி அவர் எதுவும் எழுதமாட்டார் என்பது. அதில் ஒரு நிம்மதிகூட இருந்தது. கடைக்காரர் சூடான பொட்டலத்தைக் கையில் வைத்ததும், காசு கொடுக்காமலே நடந்துவிட்டேன்.

செம்பூரில் அவர் வீட்டு வாசலில் வந்தவர்களை எண்ணினேன். பழைய பழக்கம், முப்பத்தாறு வருடம் கணக்குத் தணிக்கைப் பிரிவில் இருந்தவன். நூற்றுப்பத்தோடு நிறுத்திக்கொண்டேன். எனக்கு இதில் பாதியாவது வருவார்களா என்று தோன்றிவிட்டது. தாராவியிலிருந்து வந்த ஒரு தோல்பை வியாபாரி என் பக்கத்தில் நின்றிருந்தார். "ஐயா நம்ம கடைக்கு வந்தாவன்னா லேசுல எந்திரிக்க மாட்டாவ. ரெண்டாவது டீ வந்தாத்தான் பேச்சே ஆரம்பிப்பாவ" என்றார். எனக்கு மட்டும் தெரிந்தது என்று நான் நினைத்திருந்த விஷயம் அது. அங்கே பலருக்கும் தெரிந்திருந்தது.

அந்தக் கிராமத்துக்கு நாங்கள் போனது ஐந்து வருடங்களுக்கு முன்பு. தாதரில் ரயில் ஏறினோம். ஊரின் பெயரை வேண்டுமென்றே எழுதவில்லை; காரணம் பின்னால் தெரியும். ஒரே தெரு, இரு பக்கமும் வீடுகள். எல்லா வீட்டுச் சுவரிலும் படம். வாசலில் துணிச் சித்திரங்களை விரித்திருப்பார்கள். பனையோலையில் கீறிய படங்கள், காகிதக் கூழில் செய்த முகமூடிகள், வண்ணம் தீட்டிய கொட்டைப்பாக்குகள். மாலையில் பையன்கள் பெண் வேடமிட்டு ஆடுவார்கள். நான் புறப்படும் முன்பே நோட்டில் கட்டங்கள் போட்டு வைத்திருந்தேன்: வீட்டு எண், வரைபவர், உதவுபவர், துணி, வண்ணம், எத்தனை தலைமுறை. இரண்டு நாளில் நாற்பத்து மூன்று வீடு ஏறி இறங்கினேன்.

அனந்து ஒரே வீட்டில் உட்கார்ந்துவிட்டார். என் நோட்டில் அது இருபத்திரண்டாம் வீடு. கணவன், மனைவி இருவர் மட்டும். கணவர் பெயர்பெற்ற ஓவியர்; சுவரில் சான்றிதழ்கள். நான் போகும்போதும் வரும்போதும் அனந்து அங்கேயே, சுவரில் முதுகைச் சாய்த்து, கையில் டீயோடு இருப்பார்.

"வாரும் ஓய் சென்சஸ், எத்தனை ஆச்சு?"

"முப்பத்தொண்ணு. நீர் வந்த வேலையைப் பார்க்கறதா உத்தேசம் உண்டா?"

"பார்த்துண்டுதான் இருக்கேன். முதல் டீ மரியாதைக்கு ஓய். ரெண்டாவது டீயிலதான் மனுஷா பேசுவா. நீர் முதல் டீயையே பாதியில வெச்சுட்டு எழுந்துடறீர்."

அந்த வீட்டு அம்மாள் சிரித்தாள். எங்கள் தமிழ் அவளுக்குப் புரியாது. என் முகம் புரிந்திருக்கும். இந்தியில்தான் அவளோடு பேச்சு. அதற்குள் அனந்துவை அவள் 'மௌசா' என்று கூப்பிட ஆரம்பித்திருந்தாள். சித்தியின் கணவரை அவர்கள் அப்படித்தான் அழைப்பார்களாம். நான் கடைசிவரை, ஐயா என்ற பொருளில், 'பாபு'தான்.

ஒவ்வொரு வீட்டிலும் வருகிறவர்கள் எழுத ஒரு நீள நோட்டு உண்டு. நான் எல்லா வீட்டிலும் ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அனந்து அந்த ஒரு வீட்டு நோட்டில், தமிழில், ஒரு பக்கம் முழுக்க எழுதினார். "மௌசா, என்ன எழுதியிருக்கீங்க?" என்று அந்த அம்மாள் கேட்டாள். கணவர் பக்கத்தில் இருந்தார். அனந்து சிரித்துக்கொண்டு, "அடுத்த தடவை வரச்சே வாசிச்சுச் சொல்றேன்" என்று இந்தியில் சொல்லிவிட்டு எழுந்தார்.

ஊர் திரும்பியதும் இருவரும் மலருக்குக் கட்டுரை கொடுத்தோம். நான் முதுகலை படித்தவன். அனந்து பள்ளிப் படிப்போடு வேலைக்குப் போனவர். என் பன்னிரண்டு பக்கம் 'பயணத் தகவல்கள்' என்ற தலைப்பில் அரைப்பக்கமாக வந்தது. அவர் கட்டுரையைப் பற்றி காட்கோபரிலிருந்தெல்லாம் போன் செய்தார்கள். என் மனைவி அதை இரண்டு முறை வாசித்தாள். என்னுடையதைப் படித்துவிட்டு, "ரயில் டயமெல்லாம் சரியா இருக்கு" என்றாள்.

அந்த வீட்டில் படங்களுக்குக் கண் வைப்பது மனைவிதான் என்று அவர் கட்டுரையில் எழுதியிருந்தார். அந்த ஊரில் மற்றதெல்லாம் முடிந்த பிறகுதான் கண் வைப்பார்கள். அது வைக்கும்வரை படம் வெறும் துணி. அவ்வளவு பெரிய காரியம். என் நோட்டிலோ அந்த வீட்டுக்கு நேரே, கணவர் வாயால் கேட்டு எழுதியது: 'வரைபவர்: கணவர். மனைவி: உதவி. புளியங்கொட்டைப் பசையில் துணி ஒட்டுதல், சங்குப்பொடி அரைத்தல்.' ஆகவே நம் கூட்டங்களில், "அனந்து நன்னா எழுதறார், கொஞ்சம் மிகை உண்டு" என்று நான் சொல்லிவந்தேன். அவர் காதில் விழும்படியும் ஒரு முறை சொன்னேன். "இருக்கலாம் ஓய், நீர்தான் ரிகார்டு வெச்சிருக்கீர்" என்றார். கோபித்துக்கொண்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

மூன்று வருடங்களுக்கு முன் என் பெண் குடும்பத்தோடு, அந்தக் கிராமத்துக்குப் பக்கத்திலிருக்கும் பூரிக்குப் போனேன். கிளம்புமுன் அனந்து என் வீட்டுக்கு வந்தார். அப்போதே அவருக்கு மூச்சிரைப்பு.

"என்னால இனிமே ரயில் ஏற முடியாது. அந்தப் பக்கத்தை அவளுக்கு வாசிச்சுச் சொல்லிடும். அன்னிக்கு அவ கேட்டா, நான் சொல்லலை. அவ ஆத்துக்காரர் இல்லாத சமயமாப் பார்த்துச் சொல்லும். உம்மைத்தான் நம்பியிருக்கேன்."

போனேன். கணவர் பூரிக்குப் போயிருந்தார். அந்த அம்மாள் என்னைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "மௌசா வரலையா?" டீ கொடுத்தாள். கேட்காமலே நோட்டைக் கொண்டுவந்து அந்தப் பக்கத்தைப் பிரித்து என் முன்னே வைத்தாள். வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்துகொண்டாள்.

அனந்து எழுதியிருந்ததில் சில வரிகள்: "இந்தச் சுவரில் உள்ள சாமிகள் எல்லாம் இந்த அம்மாளின் கையால் கண் திறந்தவை. கீழே இருக்கும் பெயர் வேறு. நீங்கள் எந்த ஊர்க்காரராக இருந்தாலும், முதலில் கண்ணைப் பாருங்கள், பிறகு பெயரைப் படியுங்கள். நான் பார்த்தேன் என்பதற்கு இது சாட்சி."

நான் மனதுக்குள் முழுவதும் வாசித்தேன். அப்படி ஒரு வரி என்னால் எழுத முடியாது என்பது தெரிந்தது. பிறகு அவளிடம் இந்தியில் சொன்னேன்: "வீடு நல்ல வீடு, டீ நன்றாக இருந்தது, படங்கள் அழகு என்று எழுதியிருக்கிறார்."

அவள் என்னைப் பார்த்தாள், நோட்டைப் பார்த்தாள். "சரி, பாபு" என்று மூடி வைத்தாள்.

மிகையை ஏன் பரப்ப வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தணிக்கைக்காரனுக்குக் காரணம் கிடைக்காமல் போகாது. உண்மையான காரணம் பொறாமை. எழுந்து வருமுன் நோட்டைக் கேட்டு வாங்கி, அந்தப் பக்கத்தைப் போனில் படம் எடுத்துக்கொண்டேன். எதற்கென்று இன்றுவரை எனக்குத் தெளிவாகத் தெரியவில்லை.

ஊர் வந்ததும் அனந்து கேட்டார். "வாசிச்சீரா?"

"வாசிச்சேன்."

"என்ன சொன்னா?"

"சந்தோஷப்பட்டா."

"அப்பாடா" என்று நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். அதற்குப் பிறகு எத்தனையோ சனிக்கிழமைகள் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். சொல்லவில்லை.

அவர் போன நாலாம் நாள், அந்த வீட்டில் நான் வாங்கிய படத்தைச் சுற்றிக் கொடுத்த காகித உறையைத் தேடி எடுத்தேன். அதில் போன் எண் இருந்தது. மத்தியானம் இரண்டு மணிக்குக் கூப்பிட்டேன். அந்த அம்மாளே எடுத்தாள். மௌசா இறந்துவிட்டார் என்று சொன்னேன். பிறகு, அன்று நான் சரியாக வாசிக்கவில்லை, இப்போது வாசிக்கட்டுமா என்று கேட்டேன். "வாசிங்க" என்றாள். ஒவ்வொரு வரியாக இந்தியில் சொன்னேன். என் இந்தி அலுவலக இந்தி. 'சாட்சி' என்ற சொல்லை மட்டும் இரண்டு முறை சொன்னேன்.

"எனக்கு அன்னைக்கே தெரியும் பாபு. பக்கம் நிறைய எழுதியிருந்தது. நீங்க ஒரே வரியில முடிச்சிட்டீங்க. எனக்குத் தமிழ்தான் தெரியாது, நீளம் தெரியாதா?"

மன்னிப்புக் கேட்டேன். அவள் மௌசா எப்போது போனார் என்று கேட்டாள். தணிக்கைக்காரன் விடவில்லை; அவர் எழுதியது உண்மைதானா என்று கேட்டேன்.

"எங்க வீட்டுக்காரருக்குக் கை நடுங்க ஆரம்பிச்சு எத்தனையோ வருஷமாச்சு. மத்தியானம் சாப்பிட்டு அவர் தூங்கினதும் நான் கண் வைப்பேன். மௌசா ரெண்டு நாளும் எதிர்லதான் இருந்தார். தானும் தூங்கற மாதிரி கண்ணை மூடிட்டு இருந்தார். அவர் பார்த்தது எனக்குத் தெரியும். நான் பார்த்தது அவருக்குத் தெரியும்." பிறகு, "இது வெளியாளுக்குத் தெரியும்னு எங்க வீட்டுக்காரர் காதுக்குப் போக வேண்டாம்" என்றாள். நான் ஊர்ப் பெயரை எழுதாததற்கு இதுதான் காரணம்.

அந்த இரண்டு மத்தியானங்களும் நான் எங்கே இருந்தேன் என்று நோட்டில் பார்த்தேன். முதல் நாள் பதினைந்தாம் வீட்டிலிருந்து இருபதாம் வீடுவரை. இரண்டாம் நாள் முப்பத்து மூன்றிலிருந்து முப்பத்தெட்டுவரை. நேரம் உட்படக் குறித்திருக்கிறேன்.

அவரிடமிருந்து என்னிடம் இருப்பது போனில் உள்ள அந்தப் பக்கத்தின் படம் ஒன்றுதான். அது எனக்கு எழுதப்பட்டதல்ல. யார் வீட்டுக்காவது போனால் இப்போது முதல் டீயை முழுவதும் குடிக்கிறேன். இரண்டாவதைக் கேட்க இன்னும் கூச்சமாக இருக்கிறது.

இதை வாசித்த விஸ்வம், மேலே லிஸ்டில் மூன்றாவது வரியை அடித்துவிடலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அனந்துவின் எழுத்தில் மிகை இருந்தது என்று ஐந்து வருடம் உங்களிடமெல்லாம் சொன்னது நான். அந்த வரி அப்படியே அச்சாகட்டும், அது தவறு என்பதும் என் கையெழுத்தோடேயே இருக்கட்டும்.